பனிதான் என்று சொன்னேன்

இலங்கைக்குப் போய்வந்தவர்கள் கண்டி யானையையும் நுவரெலியாக் குளிரையும் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் போனது உருளைக்கிழங்கு பார்க்க. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். போகப்போக எனக்கே சிரிக்க வாய் வராது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கிழங்கு மண்டியில் பன்னிரண்டு வருடமாகக் குமாஸ்தா நான். நீலகிரியில் விளையும் கிழங்கு மலையிறங்கி எங்களிடம் வரும். ரகம் பிரித்து மூட்டை கட்டினால் பாதிக்கு மேல் கொழும்புக்குக் கப்பலேறும். போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு பேச்சு அடிபட்டது. வெளிநாட்டுச் சாமான் வாங்க இலங்கைச் சர்க்காரிடம் அந்நியச் செலாவணி இல்லையாம். கிழங்கு இறக்குமதியைக் குறைத்துவிட்டு பதுளைக்குப் பக்கத்தில் வெலிமடையில் தாங்களே விளைவித்துக்கொள்ளப் போகிறார்களாம். எங்கள் மண்டிக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள்.

“நீதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதறவனாச்சே. ஒரு நடை போய்ப் பாத்துட்டு, அந்த மண்ணுல கெழங்கு தேறாதுன்னு ஒரு அறிக்கை எழுதிக் கொண்டா. காட்ட வேண்டியவங்ககிட்ட நாங்க காட்டிக்கறோம்” என்றார் என் முதலாளி. பார்த்துவிட்டு எழுது என்று அவர் சொல்லவில்லை. தேறாது என்று எழுதுவதற்காகப் போய்ப் பார் என்றார். வித்தியாசம் அன்றைக்கே எனக்குப் புரிந்தது. இருந்தும் புறப்பட்டேன். கடல் தாண்டிப் போகும் ஆசை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருடம் எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவில் நான் முக்கால் மணி நேரம் பேசினேன். ‘நம் தொழில்கள் கைக்குழந்தைகள்; அவை நடக்கப் பழகும்வரை அந்நியச் சரக்கு உள்ளே வரக் கூடாது’ என்று மேசையைக் குத்தினேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அப்படிப் பேசிய முகவாய்தான் தினமும் காலையில் நம் நாட்டு பிளேடில் இரண்டு இடத்தில் கீறிக்கொள்ளும். புறப்படும்போது என் சட்டைப் பையில் ஒரு ஜாபிதா இருந்தது: மனைவிக்கு நைலான் சேலை, சிநேகிதர்களுக்கு வெளிநாட்டு பிளேடு, எனக்கும் அதுவே.

பதுளைக்கு ரயிலில் போய் இறங்கியபோது நல்ல மழை. விடுதியில் காலை உணவுக்குப் பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார்கள். சம்பல் பிரமாதம். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான், அதில் மாசிக்கருவாடு இடித்துப் போட்டிருக்கிறது என்று எதிரே இருந்தவர் சொன்னார். நான் சைவம். தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவந்த விரதம் பதுளையில் கால் மணி நேரத்தில் போயிற்று. என்னைப் பெரிதாக உறுத்தவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

எதிரே இருந்தவர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர். விவசாயக் கந்தோரில், அதாவது ஆபீசில், எழுதுவினைஞர்; நம் பாஷையில் குமாஸ்தா. அதே விடுதியில்தான் தங்கியிருந்தார். கிழங்கு மண்டி என்றதுமே என் கதை அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

“ஓ, எங்கட கிழங்கைப் பாக்க வந்தனீங்களோ?” என்று சிரித்தார். “நீங்கள் உங்கட வீட்டுக் கதவைப் பூட்டிப்போட்டு, எங்கட வீட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுறியள். அப்பிடித்தானே?”

எனக்குச் சுருக்கென்றது. விடவில்லை. “சின்ன நாடு சார். எல்லாவற்றையும் இங்கேயே விளைவிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் விலை ஏறும். மலிவாக எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குவதுதானே புத்திசாலித்தனம்? ஏழைக்குக் கிழங்கு கிடைக்க வேண்டாமா?” என்றேன். இதில் எனக்கு நிஜமான நம்பிக்கை உண்டு. அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

“சரிதான். ஆனா இந்த நாடு தேயிலையை வித்துத்தான் அரிசி, சீனி, துணி எல்லாம் வாங்குது. நல்ல தேயிலை கப்பலிலை போயிடும், எங்களுக்குத் தூள்தான் மிச்சம். நாளைக்குத் தேயிலை விலை விழுந்தா என்னத்தைத் தின்னுறது? கிழங்காவது கையிலை இருக்கட்டுமெண்டு நினைக்கிறம்.” தன் கோப்பையைக் காட்டினார். கறுத்துக் கசந்த தண்ணீர். மேட்டுப்பாளையத்து ரயிலடியில்கூட இதைவிட நல்ல டீ குடிக்கலாம்.

மறுநாள் வெலிமடைக்கு பஸ் பிடித்தேன். கூரை முழுக்க வெறும் கூடைகள். திரும்பும்போது லீக்ஸும் கேரட்டும் ஏறுமாம். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ராத்திரி மழையில் மேட்டுமண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. இறங்கி, சேற்றைக் கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டும். யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊரானால் கண்டக்டரை ஒருவழி பண்ணியிருப்பார்கள்.

முழங்கால் சேற்றில் நான் தடுமாறியபோது ஒருவர் என் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அக்குளில் புதுச் சாக்குக் கட்டு. நாற்பது வயதிருக்கும்.

“பாத்து வாங்க. என் காலடி பதிஞ்ச எடத்துலயே வையுங்க. நீங்க இந்தியாங்களா? பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே.”

“முசிறிப் பக்கம்” என்றேன். மேட்டுப்பாளையம் நான் பிழைக்கப் போன ஊர்தான்.

அவர் அப்படியே சேற்றில் நின்றுவிட்டார். “எங்க அப்பாரு தொறையூருங்க! நான் பார்த்ததில்ல. இங்கனதான் பொறந்தேன். ஐயா, நீங்க நம்ம வீட்டுக்கு வராம போவக் கூடாது.”

பெயர் பழனியாண்டி. அடுத்த பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே தினம் விடியற்காலையில் பெரட்டு என்று ஓரிடத்தில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பிரிப்பார்கள். இருபத்தைந்து வருடம் அங்கே போய் நின்றிருக்கிறார். கடைசி ஐந்து வருடம் மருந்தடிக்கிற வேலை. கொழுந்தில் கொப்புளம் போடும் நோய்க்கு முதுகில் டாங்கி கட்டிக்கொண்டு நீல மருந்து அடிக்க வேண்டும். “அந்த நீலம் இருக்கு பாருங்க, சட்டையில பட்டா போகவே போகாதுங்க” என்று தோள் கறையைக் காட்டினார்.

இப்போது தோட்டத்து ஆள்கணக்கில் பேரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெலிமடையில் ஒரு சிங்கள நிலக்காரர் (இவருக்கு ‘மாத்தயா’, நமக்கு ஐயா) சோதனைக்காக அரை ஏக்கர் கொடுத்திருக்கிறார். விளைந்ததில் பாதிக்குப் பாதி. “இந்தப் போகம் நல்லா வந்துருச்சுன்னா அந்தச் சரிவு முழுக்க ஒனக்குத்தான்னு மாத்தயா சொல்லிட்டாருங்க. வரலேன்னா மறுபடி பெரட்டுலதான் போய் நிக்கணும்.” பிறகு சாக்குக் கட்டைத் தட்டிக்கொண்டு, “வரும்ங்க. அதான் சாக்குக்கூட வாங்கியாச்சு” என்றார்.

நான் கிழங்கு மண்டியில் வேலை பார்ப்பதைச் சொன்னேன். வந்த காரியத்தைச் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்தது. “கெழங்கு தெரிஞ்சவரா! சாமியா பாத்து அனுப்பிச்சிருக்கு” என்றார்.

அவர் வீடு நிலத்து ஓரத்தில் ஒரு மண் வீடு. மனைவி செல்லம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முசிறி என்று கேட்டதும் என் ஈரக் காலுக்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். “எங்களுக்கு ஊருல இருந்து இதுவரைக்கும் ஒரு ஆளு வந்ததில்ல. நீங்கதான் மொத ஆளு, அண்ணே” என்றாள். அந்த ‘அண்ணே’யை நான் கேட்டு வாங்கவில்லை. மறுக்கவும் தெரியவில்லை.

ரொட்டி சுட்டுப் போட்டாள். கையில் துளி சர்க்கரையும் கோப்பையில் சாயத்தண்ணியும் தந்தாள். நாக்கில் சர்க்கரை, மேலே சுடு டீ, நல்ல ஏற்பாடு. கொழும்பில் கிழங்கு இறக்குமதியை நிறுத்தப் போகிறார்களாமே என்று நான் தூண்டில் போட்டேன்.

“நிறுத்துனா எங்களுக்கு நல்லதுதான் அண்ணே” என்றாள் செல்லம்மா. “ஆனா கெழங்கு வெல கூடிரும். தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்கிற சனம் வாங்கித் திங்க முடியாது. என் தங்கச்சியும் அந்த லயத்துலதான் இருக்கா. இந்தியாக் கெழங்கு வந்தா அவ திம்பா, நாங்க கெடுவோம். வராட்டி நாங்க பொழைப்போம், அவ வாயைக் கட்டுவா. எதை நல்லதுன்னு சொல்றது?”

முக்கால் மணி நேரம் மேசையைக் குத்திய எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வந்ததில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மூன்றாம் நாள் காலை பழனியாண்டி நிலத்தைக் காட்டக் கூட்டிப்போனார். அரை ஏக்கரும் பச்சைப்பசேல் என்று இடுப்புக்குக் கீழ் வரை நின்றது. வரப்பில் நிலக்காரர் காத்திருந்தார். வெள்ளைச் சாரம், குடை, சாதுவான முகம். அவர் சிங்களத்தில் சொல்வதைப் பழனியாண்டி எனக்குத் தமிழில் சொன்னார்.

கீழ்மூலையில் பத்துப் பதினைந்து செடிகள் மட்டும் இலை ஓரத்தில் கருத்திருந்தன. “மழைக்கு முந்தி நாலு நாளு ராத்திரி பனி கடுமைங்க. அதுல கருகிருச்சு. சாம்பல் தூவியிருக்கேன்” என்றார் பழனியாண்டி.

நான் குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில், கருப்பைச் சுற்றி, மாவு தூவியதுபோல வெள்ளைப் பூஞ்சை.

எனக்குத் தெரியும். கோத்தகிரிக் குடியானவர்கள் எத்தனை பேர் இதே இலையை மடியில் கட்டிக்கொண்டு எங்கள் மண்டிக்கு வந்து அழுதிருக்கிறார்கள்! இது பனி இல்லை. கருகல் நோய். ஈரக் காற்றில் ஒரு வாரத்தில் நிலம் முழுவதும் பரவும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும். பத்துச் செடியில் இருக்கும்போது பிடித்துவிட்டால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்து மிச்சத்தைக் காப்பாற்றலாம். அந்த மயில்துத்தம்தான் தோட்டத்தில் அடிக்கிற நீல மருந்தின் நீலம். பழனியாண்டியின் தோளில் கறையாக இருந்ததும் அதுதான்.

“மாத்தயா கேக்கறாருங்க, இது பனிதானா, இல்ல சீக்கா? சீக்குன்னா பதுளைக் கந்தோர்ல இருந்து ஆளைக் கூட்டியாந்து காட்டலாம்ங்கறாரு. நீங்க கெழங்கு தெரிஞ்சவரு. நீங்க சொன்னா சரி.”

இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. ‘வெலிமடை மண்ணில் கிழங்கு தேறாது’ என்ற தலைப்பை ரயிலிலேயே எழுதி வைத்திருந்தேன். கீழே எழுதத்தான் விஷயம் இல்லாமல் இருந்தது.

“பனிதான்” என்றேன். “பனியாகத்தான் இருக்கும்.”

பழனியாண்டி அதைச் சிங்களத்தில் சொன்னார். நிலக்காரர் தலையாட்டிவிட்டு ஏதோ சொன்னார். “அப்ப கந்தோர்காரரை வீணா அலைய வைக்க வேணாம்ங்கறாரு” என்றார் பழனியாண்டி. அவருக்கு நிம்மதி. எனக்குக் காது இரண்டும் கொதித்தது. அவர்கள் திரும்பி நடந்தபோது அந்த இலையைக் கிள்ளி நோட்டுக்குள் வைத்தேன். பழனியாண்டி பார்த்துவிட்டார். “ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டப் போறீங்களா?” என்று சந்தோஷமாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தும் எனக்காக மேல்மூலையில் இரண்டு செடியைத் தோண்டினார்கள். எலுமிச்சை அளவுக் கிழங்குகள். தோல் கையோடு வந்தது. பாதியைச் செல்லம்மா கறி வைத்தாள். நானும் எத்தனையோ வகைக் கிழங்கு தின்றவன். அவ்வளவு ருசியான கிழங்கைத் தின்றதில்லை. மீதியை ஒரு துணியில் முடிந்து என் பெட்டியில் வைத்தாள். “அண்ணி கையில குடுங்க. உங்க தங்கச்சி வெளைய வச்சதுன்னு சொல்லுங்க.”

சொல்ல இன்னும் நேரம் இருந்தது. சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். பஸ் வரும்வரை பழனியாண்டி என்னோடு ரோட்டோரம் நின்றார், அப்போதும் சொல்லியிருக்கலாம். ‘தோட்டத்தில் அடித்தீரே நீல மருந்து, அதை அடியும்’ என்று ஆறு வார்த்தை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நான்காம் நாள் பதுளைக் கடைத்தெரு. கனகசபையும் கூட வந்தார். கடைகளில் இங்கிலீஷ் பிஸ்கட் டின்களும் டச்சுப் பால்மாவும் அடுக்கியிருந்தன. எங்கள் ஊரில் இவற்றைப் படத்தில்கூடப் பார்க்க முடியாது. “இருக்கிறதை வாங்கிக்கங்க. இனிமே கப்பல்ல வராதாம்” என்றார் கடைக்காரர். பிளேடும் நைலான் சேலையும் வாங்கினேன். காசாளர் மேசைக்குக் கீழே வாய் திறந்த ஒரு மூட்டை. உள்ளே நீல நிறத்தில் கல் கல்லாக மயில்துத்தம். தோட்டங்களுக்குப் போகிற சரக்கு.

“வெலிமடையிலை பயிர் எப்பிடி? நோய் ஏதும் கண்டனீங்களோ?” என்று கனகசபை கேட்டார். “எங்கட கந்தோர் ஐயா ஒருக்காப் போய்ப் பாக்கலாமோ எண்டு யோசிக்கிறார்.”

“நோயெல்லாம் இல்லை. கொஞ்சம் பனி” என்றேன். முதல் தடவை ‘பனியாகத்தான் இருக்கும்’ என்று இழுத்தேன். இரண்டாம் தடவை சரளமாக வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

அன்று மத்தியானம் விடுதியில் உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தேன். எதிலும் பொய் இல்லை. செடி கருகுவதைக் கண்ணால் கண்டேன் என்று எழுதினேன், கண்டேன்தானே. திறந்த போட்டி வேண்டும், நல்ல சரக்கு ஜெயிக்கட்டும் என்று முடித்தேன். எதிராளியின் காலைத் தட்டிவிட்டு வந்தவன் எழுதிய வரி அது.

திரும்பும்போது நம் கரையில் சுங்கச் சோதனை. நைலான் சேலையை வேட்டிகளுக்கு நடுவே மடித்திருந்தேன், தப்பித்தது. பிளேடு காலுறைக்குள் இருந்தது, அதுவும் தப்பித்தது. அதிகாரியின் கை நேராகத் துணி முடிப்பில்தான் போய் விழுந்தது.

“என்ன சார் இது, உருளைக்கிழங்கா? எந்த ஊருக்குப் போறீங்க?”

“மேட்டுப்பாளையம்.”

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கிழங்கு, செடி எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது சார். அங்கே இருக்கிற நோய் இங்கே வந்துரும்” என்று முடிப்பை வாங்கித் தகர டப்பாவில் கொட்டினார். நோய் பிடித்த இலை என் நோட்டுக்குள் சௌகரியமாக இருந்தது. அவர் கொட்டியது நோயில்லாத மேல்மூலைக் கிழங்கு. செல்லம்மாவின் துணியையாவது கேட்டு வாங்கியிருக்கலாம். பெட்டியை மூடிக்கொண்டு நகர்ந்தேன்.

மண்டியில் அந்த இலையை வரிசையாகக் கை மாற்றிப் பார்த்தார்கள். என் முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். கொழும்புச் சர்க்கார் என் அறிக்கையைப் படித்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பெரிய இடத்து முடிவுகள் என் நோட்டைப் பார்த்து நடப்பதில்லை. வெலிமடையில் அந்த அரை ஏக்கர் மட்டும் என் பேச்சைக் கேட்டு நடந்தது.

நான் கொடுத்துவந்த விலாசத்துக்கு இரண்டு மாதம் கழித்துச் செல்லம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்து. ‘அன்புள்ள அண்ணனுக்கு. நாங்கள் சுகம். கிழங்கு எல்லாம் பனியில் போய்விட்டது. தோண்டத் தோண்ட நாற்றம்தான். மாத்தயாவைக் குற்றம் சொல்ல முடியாது, அவரும் நஷ்டப்பட்டவர்தானே. நாங்கள் மறுபடி தோட்டத்துக்கு வந்து பேர் பதிந்துவிட்டோம். இவருக்குப் பழைய வேலையே கிடைத்தது, தேயிலைக்கு நீல மருந்து அடிக்கிறார். சாக்குகளைத் தைத்து விரிப்பாகப் போட்டிருக்கிறோம். பனிக்கு யார் என்ன செய்ய முடியும்? நான் கொடுத்த கிழங்கு அண்ணிக்குப் பிடித்ததா?’

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பழனியாண்டி முதுகில் தினம் தினம் தொங்குவது அந்த மருந்துதான். மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். அது பனியாக இல்லாமல் கருகல் நோயாகவும் இருந்திருக்கலாம், இலைக்கடியில் வெள்ளையாக இருந்தால் அதுதான், நீங்கள் அடிக்கிற நீல மருந்தே அதற்கும் கேட்கும், அடுத்த தடவை நினைவில் வையுங்கள் என்று விவரமாக, புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறவன் மாதிரி எழுதினேன். எப்போது தெரிந்தது என்பதை எழுதவில்லை. கிழங்கு பிடித்தது என்று எழுதினேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. தபாலட்டையில் அதே குண்டு எழுத்து. சுகம் விசாரிக்கவில்லை. ‘அண்ணே, அன்றைக்கு நீங்கள் அந்த இலையைத் திருப்பிப் பார்த்தீர்களாம். அப்போதே உங்களுக்குத் தெரியுமா?’

வேறு ஒன்றும் இல்லை. ‘தெரியும்’ என்று எழுத ஓர் அட்டை போதும். வாங்கி வைத்து மூன்று மாதம் ஆகிறது.